கீறலோடு கடிகாரமும் போகிறது: மோனோ எல்பி பதிவுக்கு உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. பிங்க் ஃப்ளாய்ட் ராக் குழுவின் முதல் ஆல்பம் 'தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்', 1967இல் வந்ததன் மோனோ (இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும்) எல்பி இசைத்தட்டு ஒன்று கைக்குக் கிடைத்திருக்கிறது. அதிலுள்ள 'இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்' முடிவில் ஸ்டீரியோவில் ஒலி இடமும் வலமுமாக ஓடும். மோனோவில் அந்த விளையாட்டெல்லாம் கிடையாது. எனக்கு மோனோதான் பிடிக்கும்.

தட்டைக் கழுவிக் காயவைத்து, ஃபோனோ ப்ரீஆம்ப் (ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி) வழியாக ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் ஏற்றினேன். ஒலி அளவின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டவில்லை. சாதாரண ஸ்டீரியோ ஊசிதான்.

சிக்கல் கடைசிப் பாட்டான 'பைக்'கில். தட்டின் உள்வட்டம் என்பதால் 'ஸ' வரும் இடமெல்லாம் கரகரக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. பாட்டு முடிந்ததும் கடிகாரம், மணி என்று ஒரு சத்தக் கூட்டம் வருமே, அங்கே ஆடாசிட்டியின் க்ளிக் ரிமூவலை (கீறல் சத்தத்தை நீக்கும் வசதி) ஓடவிட்டால் கீறலோடு சேர்த்துக் கடிகாரத்தின் டிக் டிக்கையும் தின்றுவிடுகிறது! நீக்கும் அளவைக் குறைத்தால் கீறல் அப்படியே நிற்கிறது.

மோனோ தட்டில் ஊசியின் மேல்கீழ் அசைவு வெறும் இரைச்சல்தானே, இரண்டு சேனலையும் கூட்டினால் அது அடிபட்டுப்போகும். அப்படிக் கூட்டிவிட்டு அப்புறம் க்ளிக் எடுப்பதா? இல்லை, கீறல் இடது சேனலில்தான் பலமாகக் கேட்கிறது, அந்த இடத்தில் மட்டும் வலதை வைத்து ஒட்டிவிடலாமா? கையால் ஒவ்வொன்றாகத் திருத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பத்து நொடி மாதிரி வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.