புது ஊரில் சபை தேடிய அனுபவம்: உங்களுடையதையும் எழுதுங்கள்

நெல்லைக்காரர், வேளச்சேரி:

பாளையங்கோட்டையில் இருந்தவரை சபை தேட வேண்டிய அவசியமே எங்களுக்கு வந்ததில்லை. தாத்தா காலத்திலிருந்து ஒரே சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரம், அதாவது ஒரே வட்டாரச் சபை. ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம் எல்லாம் அங்கேதான். வேலை மாறிச் சென்னைக்கு வந்து வேளச்சேரியில் வீடு பிடித்த பிறகுதான், ஞாயிறு காலையில் எங்கே போவது என்ற பேச்சே வீட்டில் வந்தது. இங்கே தெருவுக்குத் தெரு சபை இருக்கிறது. மாடியில் ஒன்று, கல்யாண மண்டபத்தில் ஒன்று, கடைக்குப் பின்னால் ஷெட் போட்டு ஒன்று. பல இடங்களுக்குப் போனோம். அதில் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது பெரிய சபை. பாட்டு அருமை, ஆராதனையில் எனக்கே கண் கலங்கியது. வாசலிலேயே போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். அந்த வாரமே பாஸ்டர் வீட்டுக்கு வந்துவிட்டார். கூட வந்த சகோதரர் மேஜையில் ஒரு கவர் வைத்தார். மேலே எங்கள் பெயர், கீழே மாதாமாதம் தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, எழுத வரிசையாகக் கட்டங்கள். சம்பளம் எவ்வளவு என்றும் கேட்டார். அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிளம்பும்போது பாஸ்டர் ஃபிரிட்ஜ் மேலிருந்த அம்மாவின் மாத்திரை டப்பாவைப் பார்த்தார். "இன்னும் இதெல்லாம் எதுக்கும்மா? விசுவாசம் இருந்தா சுகர் நிக்குமா?" என்று சொல்லித் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டுப் போனார். அம்மா அன்று ராத்திரி இன்சுலின் போட்டுக்கொள்ளவில்லை. கேட்டதற்கு, "ஜெபம் பண்ணியாச்சுல்லா" என்றார். மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

ஜெபிக்க வந்தவர் மருந்தில் கை வைத்தால், அந்த இடத்துக்கு மறுபடி போகாதீர்கள். பிரசங்கம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி, எவ்வளவு கூட்டம் வந்தாலும் சரி. சுகமாக்கும் ஆண்டவரை நானும் விசுவாசிக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது நாங்கள் போகிற சபை ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடுகிறது. முதல் நாள் யாரும் எங்களை மேடைக்குக் கூப்பிடவில்லை, நம்பரும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர் கீர்த்தனைப் புத்தகத்தைச் சரியான பக்கத்தில் விரித்து என் அம்மா கையில் கொடுத்தார். அம்மாவுக்குக் கண் மங்கல் என்று தெரிந்ததும், பாட்டு முடியும்வரை வரிக்குக் கீழே விரலை நகர்த்திக்கொண்டே வந்தார். பிறகு பாஸ்டர் வீட்டுக்கு வந்தபோது கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை போட்டாச்சாம்மா? போட்டுட்டு வாங்க, நான் உக்காந்திருக்கேன், அப்புறம் ஜெபிக்கலாம்."

ஹால் வாசலில் போன மாதக் கணக்கு ஒட்டியிருக்கும். காணிக்கை வரவு, வாடகை, கரண்ட், பாஸ்டர் சம்பளம், பிள்ளைகள் படிப்புக்குக் கொடுத்தது எல்லாம் அதில் இருக்கும். கீழே எண்ணியவர்கள் இரண்டு பேரின் கையெழுத்து. இரண்டு பேருமே பாஸ்டரின் சொந்தக்காரர்கள் இல்லை. சபை எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று கேட்டேன், சொசைட்டி என்றார்கள். நீங்களும் கேளுங்கள். தமிழ்நாட்டில் 1975ஆம் வருடச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான சொசைட்டி என்றால் அதில் உறுப்பினர்கள் உண்டு, வருடாந்தரப் பொதுக்கூட்டம் உண்டு, கணக்கை அங்கே வைத்தாக வேண்டும். டிரஸ்ட் என்றால் டிரஸ்டிகள் முடிவெடுத்தால் போதும். சில இடங்களில் பாஸ்டர், பாஸ்டரம்மா, மகன், மருமகன் என்று டிரஸ்ட் முழுக்க ஒரே வீட்டாராக இருக்கிறார்கள். டிரஸ்ட் வைத்து நேர்மையாக நடத்துகிறவர்களும் உண்டு. ஆனால் பாஸ்டர் தவறினால் அவரை உட்காரவைத்துக் கேட்க யார் இருக்கிறார் என்ற கேள்விக்கு ஒரு பெயராவது பதிலாக வர வேண்டும்.

இன்னொன்று. ஆராதனை முடிந்து ஒரு காலேஜ் பையன் பாஸ்டரிடம் வந்து, நீங்கள் சொன்ன வசனத்துக்கு அந்த அர்த்தம் வராதே என்று மறுத்துப் பேசினான். பாஸ்டர் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து வேதாகமத்தைத் திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "படிச்சிட்டு அடுத்த வாரம் சொல்றேன் தம்பி" என்றார். அடுத்த வாரம் அவரே தேடிப் போய்ச் சொன்னார். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களோடு ஒத்துப்பார்த்தார்கள் என்று அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோமே, அதற்கு இடம் கொடுக்கிற சபையாக இருக்க வேண்டும்.

தஞ்சாவூர் சகோதரி:

அண்ணன் சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு அதற்கு முன்னாலேயே ஒரு கேள்வி வந்துவிடும். "சொந்த ஊர் எதும்மா?" ஊரைச் சொன்னால் அடுத்தது "எந்தத் தெரு?" அதற்குப் பதில் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதை சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன்.

சபைக்குள் சாதி கூடவே கூடாது என்று கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இலேயே உத்தரவு போட்டார். அதை ஏற்காமல் எங்கள் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எத்தனையோ பேர் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். ஒரே பாத்திரத்தில் இராபோஜனம் (அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து) எடுக்க முடியாது என்பது வரைக்கும் போன விஷயம் அது. கல்யாணமாகி நான் போன ஊரில் ஒரு சபையில் பாத்திரம் ஒன்றுதான், ஆனால் யார் முதலில் எழுந்து போவது என்பது மாறாது. யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். எங்கள் வரிசை கடைசியாகவே எழும்.

நாங்கள் இப்போது இருக்கும் சபையில் போன வருடம் ஒரு கல்யாண ஓலை (சபையில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு) வாசித்தார்கள். பையன் ஒரு சாதி, பெண் எங்கள் பக்கம். ஐயர் (எங்கள் பாஸ்டரை அப்படித்தான் கூப்பிடுவோம்) இரண்டு வீட்டுப் பெயரையும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். மூன்று ஞாயிறும் வாசித்தார், யாரும் எழுந்து போகவில்லை. கல்யாணத்துக்குச் சேகர கமிட்டி முழுவதும் வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது. அன்றைக்குத்தான் இது நம்ம சபை என்று எனக்கு மனதில் பட்டது. புதிதாகச் சபை பார்க்கிறவர்கள் அசனத்தன்று, அதாவது சபையார் சேர்ந்து சாப்பிடும் விருந்தன்று, போய்ப் பாருங்கள். யார் சமைக்கிறார்கள், யார் பரிமாறுகிறார்கள், யார் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்று கவனித்தாலே நிறையத் தெரியும்.

துபாய் நர்ஸ்:

இங்கே தெருவுக்குத் தெரு சபை கிடையாது. அரசு கொடுத்த இடங்களில் சில ஆலய வளாகங்கள்தான். ஊத் மேத்தாவில் ஒன்று, ஜெபல் அலியில் சில. ஒரே வளாகத்தில் மலையாளம், தமிழ், உருது, ஆங்கிலம், தகாலோக் என்று மணிக்கு ஒரு கூட்டம் நடக்கும். 2022இல் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிய பிறகும் பழைய வழக்கப்படி வெள்ளிக்கிழமை கூடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஷிப்ட் டியூட்டி பார்க்கிற எங்களுக்கு அது நல்லதுதான்.

வந்த புதிதில் ஒரு ஜெபக் குழுவில் சேர்ந்தேன். தனிமைக்கு அது பெரிய ஆறுதல். போகப்போக எல்லாவற்றுக்கும் குழுத் தலைவரிடம் கேட்க வேண்டியதாயிற்று. லீவில் ஊருக்குப் போகலாமா, எந்த வரனைப் பார்க்கலாம், எந்த ரூம்மேட்டோடு பேசலாம்... விலகுகிறேன் என்றபோது, "இந்தக் குழுவோட ஆவிக்குரிய பாதுகாப்பை விட்டுப் போனா சாபம் வரும்" என்றார்கள். ராத்திரி டியூட்டியில் அந்த வார்த்தை காதில் கேட்டுக்கொண்டே இருக்கும். யாராவது இதே பயத்தில் இருந்தால் தயவுசெய்து கேளுங்கள்: ஒரு குழுவை விட்டு விலகுவதால் ஆண்டவர் யாரையும் சபிப்பதில்லை. நான் விலகினேன், நன்றாக இருக்கிறேன்.

இப்போது ஒரு தமிழ்ச் சபைக்குப் போகிறேன். என் கூட வேலை பார்க்கிற பெண்ணின் அப்பா தவறிவிட்டார். அவள் இந்துக் குடும்பம், என்னோடு எப்போதாவது வருவாள், அவ்வளவுதான். சபையார் டிக்கெட்டுக்குப் பணம் சேர்த்து, ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். திரும்பி வந்தபோது யாரும் அவளிடம் ஞானஸ்நானம் பற்றிப் பேசவில்லை. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

கோவை தம்பி:

நான் ஹாஸ்டலில் இருக்கிறேன். இப்படி ஒவ்வொரு சபையாகப் போய்ப் பார்ப்பது தப்பு என்று வீட்டில் சொல்கிறார்கள். ஊர் சபையில் பெயர் இருக்கும்போது வேறு இடத்தில் இராபோஜனம் எடுக்கலாமா?

நெல்லைக்காரர், வேளச்சேரி:

தம்பி, ஊர் ஐயரிடம் நேராகவே பேசுங்கள். நான் போன் செய்து சொன்னபோது, எங்கள் ஐயர் வருத்தப்படவே இல்லை. நாங்கள் சபையில் நல்ல நிலையில் இருக்கிறவர்கள் என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். புதிய சபையில் அதைக் கொடுத்தோம், அடுத்த இராபோஜனத்துக்கே அழைத்தார்கள். ஊரில் சந்தாவைத் தொடர்ந்து கட்டினால் பெயரும் அங்கே இருக்கும். படிப்பு முடிந்து எங்கே போவீர்கள் என்று தெரியாத நேரத்தில் அதை விட வேண்டாம். ஓரிரு மாதம் ஒரே இடத்துக்குத் தொடர்ந்து போய்ப் பாருங்கள், வாரம் ஒரு இடம் என்று போனால் பாட்டு மட்டும்தான் தெரியும். ஞாயிறு ஆராதனையோடு நிறுத்தாமல் வார நாள் வீட்டு ஜெபத்துக்கும் ஒரு தடவை போங்கள். அங்கே யாருக்காக ஜெபிக்கிறார்கள் என்று கேளுங்கள். காந்திபுரம் பக்கம் இருந்தால் சொல்லுங்கள், அங்கே எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று இருக்கிறது, ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொல்கிறேன்.