செம்புச் சுரங்கத்தில் வேலை பார்ப்பவர்கள் யாராவது இருக்கீங்களா? நாளை ராத்திரி முதல் ஷிஃப்ட், அவசரம்

புதியவன்

எல்லாருக்கும் வணக்கம். ஒரு பெரிய திறந்தவெளிச் செம்புச் சுரங்கத்தில் வேலை கிடைத்து இந்த வாரம்தான் வந்து சேர்ந்தேன். இதுவரை நிலக்கரியில்தான் இருந்தேன். கறுப்பாக இருந்தால் கரி, இல்லாவிட்டால் மண் என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம். இங்கே தாதும் கழிவுப்பாறையும் ஒரே சாம்பல் நிறம். நாளை ராத்திரி ஷவல் (பாறை அள்ளும் ராட்சத இயந்திரம்) எதுவரை தோண்ட வேண்டும் என்று நான் எல்லை குறித்துக் கொடுக்கணுமாம். ரேடியோவில் பேசுவது பாதி புரியவில்லை. வந்ததிலிருந்து சரியான தூக்கமும் இல்லை, தலைவலி வேறு. இன்றைக்குள் எதைப் படித்தால் சமாளிக்கலாம்?

கல்லுடைப்பவன்

தம்பி, கரிப் படுகையை மறந்துவிடு. உலகின் பெரிய செம்புக் குழிகளில் பெரும்பாலானவை போர்ஃபிரி படிவுகள். பூமிக்குள் சில கிலோமீட்டர் ஆழத்தில் இறுகிவரும் மாக்மாவிலிருந்து (உருகிய பாறைக் குழம்பு) சூடான திரவம் கிளம்பி, சுற்றியுள்ள பாறையைத் தலைமுடி மாதிரி விரிசல் விரிசலாக உடைத்துக்கொண்டு ஏறும். அந்த விரிசல்களில்தான் சால்கோபைரைட் என்ற செம்புத் தாது படியும். 0.5 சதவீதத் தாது என்றால் ஒரு டன் பாறையில் 5 கிலோ செம்பு, அவ்வளவுதான். அதனால் பாறையில் கோடு தேடாதே. எந்தக் கிரேடுக்கு (செம்பின் சதவீதத்துக்கு) மேல் அரைத்தால் கட்டுப்படியாகும் என்று கணக்குப் போடுகிறார்களே, அதுதான் எல்லை. செம்பு விலை மாறினால் அதுவும் நகரும்.

இன்னொன்று. மேலே துருப்பிடித்த சிவப்புத் தொப்பி, அதற்குக் கீழே பச்சையும் நீலமுமாக ஆக்சைடு, அப்புறம் மழைநீர் மேலிருந்து கரைத்துக் கொண்டுவந்து சேர்த்த சால்கோசைட் என்ற செம்புக் கனிமம், அதற்கும் அடியில் ஆதி சல்ஃபைடு (கந்தகத்தோடு சேர்ந்த செம்பு). ஆக்சைடைக் குவித்து கந்தக அமிலம் தெளித்துக் கரைத்து, மின்சாரம் பாய்ச்சி 99.99 சதவீதத் தகடாக எடுப்பார்கள். சல்ஃபைடை அரைத்து நுரையில் மிதக்கவிட்டு, ஏறக்குறைய 25 முதல் 30 சதவீதம் செம்புள்ள அடர்வாக்குவார்கள். பச்சைக் கல்லை அந்த அரைக்கும் மில்லுக்கு அனுப்பினால் அதிலுள்ள செம்பில் பாதிக்கு மேல் கழிவுக் குட்டைக்குத்தான் போகும்.

ராத்திரி ஷிஃப்ட்

அண்ணன் சொல்வது சிலி, பெரு கதை. ஜாம்பியா பக்கம் வாருங்கள், செம்பு வண்டல் பாறை அடுக்குகளோடேயே ஓடும். கரியில் இருந்து வந்தவருக்கு அது சுலபம். கஷ்டம் தண்ணீரில்தான். நவம்பரில் ஆரம்பிக்கிற மழை ஏப்ரல் வரை விடாது, பிட்டின் (சுரங்கக் குழியின்) அடித்தளம் குளமாகிவிடும். நான் வந்த புதிதில் பம்பு காவலுக்கே பாதி ஷிஃப்ட் போனது. தலைவலி என்றால் உடனே மலேரியா டெஸ்ட் எடு, யோசிக்காதே.

கல்லுடைப்பவன்

கொசு கடித்து மலேரியா காட்ட குறைந்தது ஏழு நாளாவது ஆகும் தம்பி. அவர் வந்ததே இந்த வாரம்தான்.

டம்பர்

நீங்கள் ரெண்டு பேரும் பாறையிலேயே நில்லுங்கள். நான் அமெரிக்காவில் யூட்டா பக்கம் இருக்கேன். இங்கே ஆளைக் கொல்வது கல் இல்லை, வண்டி. கேட்டர்பில்லர் 797எஃப் லாரி ஒரு நடைக்கு 363 டன் ஏற்றும். டயரே நாலு மீட்டர் உயரம். டிரைவர் இடது பக்கம் மேலே உட்கார்ந்திருப்பார், வலது பக்கமும் முன்னால் மூக்கடியும் அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. உங்கள் பிக்கப்பில் கொடிக்கம்பத்து விளக்கு எரிகிறதா பாருங்கள். ரேடியோவில் கூப்பிட்டு, அவர் வாயால் "வா" என்று பதில் வராமல் ஒரு அடி நெருங்காதீர்கள்.

அப்புறம், வெளியே போ என்றால் போய்விடணும். இங்கே பிங்காம் கேன்யன் செம்புச் சுரங்கத்தில் 2013 ஏப்ரல் 10 ராத்திரி ஒரு பக்கச் சுவரே சரிந்தது, 13 கோடி டன்னுக்கு மேல். ரேடார் சுவர் நகர்வதைக் காட்டிக்கொண்டே இருந்ததால் முன்கூட்டியே எல்லாரையும் வெளியே அனுப்பியிருந்தார்கள். ஒருவருக்கும் காயமில்லை.

ராத்திரி ஷிஃப்ட்

அதெல்லாம் சரி, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டைப் பற்றி யாருமே பேசுவதில்லை. பகலில் தூங்க முடியாது, பக்கத்து அறைக்காரன் அப்போதுதான் வீட்டுக்கு போன் பேசுவான். கான்ட்ராக்டில் எழுதியிருந்தது ஒன்று, வந்து பார்த்தால் வேறு.

டம்பர்

ஊரில் வேறு "தங்கம் கிடைக்குமா"ன்னு கேக்கறாங்க. கிடைக்கும். பிங்காமில் செம்போடு தங்கமும் மாலிப்டினமும் சேர்ந்தே வருது. நமக்குத்தான் கிடைக்காது. விசா புதுப்பிக்கிற கதையை ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

மலைமேல் மல்லி

விசாவை அப்புறம் பேசலாம். அந்தத் தம்பி தலைவலி என்று எழுதியிருக்கிறார், நீங்கள் பாறைப் பாடம் நடத்துகிறீர்கள். தம்பி, எந்த நாடு? முகாம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? உங்கள் வேலை என்ன?

புதியவன்

வடக்குச் சிலி, அக்கா. வாசல் போர்டில் 3,800 மீட்டர் என்று இருக்கிறது. கிரேடு கண்ட்ரோல் ஜியாலஜிஸ்ட் (எது தாது, எது கழிவு என்று பிரித்துச் சொல்கிற வேலை). ரேடியோ முழுக்க ஸ்பானிஷ். ராத்திரி வாந்தியும் எடுத்தேன்.

டம்பர்

தம்பி, கிளினிக் பக்கம் போகாதே. ஒரு தடவை எழுதிவிட்டால் மேல்மலை வேலைக்குத் தகுதியில்லை என்று அனுப்பிவிடுவார்கள். தண்ணீர் நிறையக் குடி, தானாகப் போய்விடும்.

மலைமேல் மல்லி

இந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். எஸ்கோந்திதா சுரங்கம் மாதிரி 3,100 மீட்டரிலேயே பலருக்குத் தலைவலி வருகிறது, நீங்கள் அதற்கும் மேலே இருக்கிறீர்கள். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை மூன்றும் சேர்ந்தால் அது உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலைநோய்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சிலியில் 3,000 மீட்டருக்கு மேல் வேலை என்றால் உடல் தகுதியைப் பார்ப்பது சட்டப்படி கம்பெனியின் கடமை. கிளினிக்கில் "பூனா" (அங்கே மலைநோய்க்குப் பெயர்) என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், புரிந்துகொள்வார்கள்.

இப்போதே கிளம்புங்கள். நீங்களாக வண்டி ஓட்ட வேண்டாம். தூக்க மாத்திரையும் மதுவும் கூடாது, இரண்டும் தூக்கத்தில் மூச்சை இன்னும் குறைக்கும். அசெட்டசோலமைடு (மலைநோய்க்கான மாத்திரை) தருவதா என்று டாக்டர் முடிவு செய்யட்டும், சல்ஃபா மருந்து அலர்ஜி இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ காத்திருக்கவே கூடாது, அந்த நிமிடமே கீழே இறங்கணும். தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்து இது போகாது.

வேலைக்கு வருவோம். நீங்கள் பயப்படுகிற மாதிரி பாறையைப் பார்த்து ராத்திரியில் கோடு கிழிக்க வேண்டியதில்லை. வெடி வைக்கத் துளை போடும்போது ஒவ்வொரு துளையின் வாயிலும் பொடி குவியுமே, அதில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த ரிசல்ட்டை வைத்து மில், அமிலம் தெளிக்கும் குவியல், கழிவு என்று எல்லைகள் ஏற்கெனவே வரைந்திருப்பார்கள். பெரும்பாலான ஷவல்களில் ஜிபிஎஸ் இருக்கும், ஆபரேட்டர் திரையிலேயே எல்லையைப் பார்ப்பார். வேலையில் உண்மையான சிக்கல் வேறு இடத்தில்: வெடித்ததும் பாறை சில மீட்டர் நகர்ந்திருக்கும், எல்லையையும் அதோடு நகர்த்தணும். அந்தத் திருத்தம் செய்தாகிவிட்டதா என்று முந்தைய ஷிஃப்டிடம் கேளுங்கள். முதல் கேள்வியே அதுவாக இருக்கட்டும்.

வெடித்த பாறைக் குவியலில் சந்தேகம் வந்தால் தூசி மேற்பரப்பைப் பார்க்காதீர்கள், விளக்கு வெளிச்சத்தில் எல்லாம் சாம்பல்தான். சுத்தியலால் உடைத்து, புது முகத்தை நனைத்து, லென்ஸில் பாருங்கள். பித்தளை மஞ்சளாக இருந்து கத்தி கீறினால் சால்கோபைரைட், கத்தி வழுக்கினால் செம்பில்லாத பைரைட். கரும்பச்சைப் படிகங்கள் தெரிந்தால் அட்டகமைட் என்ற செம்புக் கனிமம், மழையே இல்லாத ஊர் என்பதால்தான் அது கரையாமல் நிற்கிறது. வெடித்த பிறகு ஆரஞ்சு நிறப் புகை தரையோடு தவழ்ந்தால் கிட்டவே போகாதீர்கள். அப்போது ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் நுரையீரலைப் பிடிக்கும்.

ரேடியோவுக்குச் சில ஸ்பானிஷ் வார்த்தைகள்: "பாலா" என்றால் ஷவல், "பாங்கோ" என்றால் பெஞ்ச் (குழிச் சுவரில் படி மாதிரி வெட்டிய தளம்), "லாஸ்த்ரே" என்றால் கழிவு, "த்ரோனதுரா" என்றால் வெடி. புரியாவிட்டால் "ரெபீத்தா" (மறுபடி சொல்லுங்கள்) என்று கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

புதியவன்

அக்கா, கிளினிக்கில் ஆக்சிஜன் கொடுத்து ராத்திரி அங்கேயே வைத்திருந்தார்கள். தலைவலி குறைந்திருக்கிறது. பிட் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லவில்லை, ஆபீசில் உட்கார்ந்து ரிசல்ட் பார்க்கச் சொன்னார். அதில் ஒரு சந்தேகம்: சில துளைகளில் மொத்தச் செம்பு நன்றாக இருக்கிறது, அமிலத்தில் கரையும் செம்பும் அதிகமாக இருக்கிறது. இது மில்லுக்கா, குவியலுக்கா?

கல்லுடைப்பவன்

அது ஆக்சைடும் சல்ஃபைடும் கலந்த கலப்பு மண்டலம். கரையும் செம்பை மொத்தத்தால் வகுத்துப் பார். அந்த விகிதம் எங்கே தாண்டினால் குவியல் என்பது சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும், உங்கள் மெட்டலர்ஜிஸ்ட் (தாதிலிருந்து உலோகம் பிரிக்கும் நிபுணர்) வைத்திருக்கும் எண்ணைக் கேட்டு வாங்கு. சயனைடில் கரையும் செம்பு என்று ரிசல்ட்டில் தனி நெடுவரிசை இருந்தால் அதையும் பார், அது சால்கோசைட் எவ்வளவு என்று காட்டும். அந்தத் துளைகளைத் தனியாகக் குறித்துவை, பக்கத்துத் துளைகளோடு சராசரி போட்டுவிடாதே.