பயணக் கண்காட்சியைச் செட்டிநாட்டு வீட்டில் வைக்கலாமா?

கேள்வி: கானாடுகாத்தான் வாசகர்

வணக்கம். எங்கள் ஊர்ப் படிப்பக நண்பர்கள் சேர்ந்து, ஊர் ஊராகச் செல்லும் அருங்காட்சியகக் கண்காட்சி ஒன்றை வரவழைக்க முயன்று வருகிறோம். தொல்லுயிர் எச்சங்களும் பறவைகளும் ஒரு பகுதியாகவும், மக்களின் வாழ்வியல் சார்ந்த பொருள்கள் மற்றொரு பகுதியாகவும் வரும் என்று அனுப்புவோர் கூறுகின்றனர். உறவினர் ஒருவர், பூட்டியே கிடக்கும் தம் பூர்விக வீட்டை ஒரு மாதத்திற்குத் தர இசைந்திருக்கிறார். முகப்பும், அதையொட்டிய கூடமான பட்டாலையும் விசாலமானவை. வீட்டின் உட்பகுதியான வளவின் நடுவில் வானம் பார்த்த முற்றம் இருக்கிறது.

பெரிய எலும்புக்கூடுகள் எல்லாம் அசலின் அச்சு வார்ப்புகளே என்று அறிந்ததும், அவற்றைக் காட்டுவது மக்களை ஏமாற்றுவதாகுமோ என்று எங்களில் சிலர் தயங்குகின்றனர். அந்த வீட்டிலேயே உள்ள ஓலைக் கொட்டான்கள் (பனையோலைக் கூடைகள்), பழைய கணக்கு ஏடுகள், சுவரில் மாட்டிய புலித்தோல், மான்கொம்பு ஆகியவற்றையும் உடன் வைக்கலாமா என்பது இன்னொரு ஐயம். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற அருங்காட்சியகப் பணியாளர், புதுக்கோட்டை

ஐயா, வார்ப்பு என்பதற்காகத் தயங்க வேண்டியதில்லை. இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற டிப்ளோடோகஸ் என்னும் டைனோசர் எலும்புக்கூடு, 1905இல் அன்பளிப்பாக வந்த வார்ப்புதான். அதன் மூல எலும்புகள் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் உள்ளன. 292 எலும்புகள் கொண்ட அந்த வார்ப்பை 2018 முதல் 2021 வரை பிரிட்டனின் எட்டு இடங்களுக்குக் கழற்றி எடுத்துச் சென்று, மீண்டும் மீண்டும் பூட்டிக் காட்டினார்கள். கல்லாகிப்போன அசல் எலும்பு கனமானது, எளிதில் விண்டு போவது. அதை லாரியில் ஏற்றி ஊர் சுற்றுவது பொறுப்பான செயலாகாது. "இது வார்ப்பு, அசல் இன்ன இடத்தில் உள்ளது" என்று பலகையில் தெளிவாக எழுதிவிட்டால் அதில் ஏமாற்று ஏதுமில்லை. குழந்தைகள் தொட்டுப் பார்க்கவும் வார்ப்புதான் ஏற்றது.

நான் கவலைப்படுவது உங்கள் முற்றத்தைப் பற்றித்தான். துணி, காகிதம், ஓலை ஆகியவற்றின் மீது 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) மேல் வெளிச்சம் படக்கூடாது என்பது அருங்காட்சியகங்கள் பின்பற்றும் வழக்கம். நம் ஊர் உச்சி வெயிலோ ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். முற்றத்துத் தரையில் பட்டுத் திரும்பும் ஒளியே சாயத்தை வெளுக்கப் போதுமானது. ஆகவே வார்ப்புகளையும் கற்களையும் முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் வைத்துவிட்டு, ஓலை, துணி, காகிதம் அனைத்தையும் உள்ளறைகளுக்குக் கொண்டு செல்லுங்கள். பெட்டிகள் வந்து இறங்கியவுடன் திறக்காமல், புது இடத்தின் வெப்பத்திற்கும் ஈரத்திற்கும் பழகும்படி ஒரு நாள் முழுவதும் மூடியே வைத்திருப்பது அவசியம். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களை அறவே தவிர்த்துவிடுங்கள். தை மாதத்தில் ஊரே பழநிப் பாதயாத்திரையில் ஈடுபட்டிருக்கும் என்பதால் மாசி நல்ல காலம் என்று கருதுகிறேன்.

புலித்தோலையும் மான்கொம்பையும் வைக்க வேண்டாம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இவற்றை வைத்திருப்பதற்கே உரிமைச் சான்றிதழ் வேண்டும்; அது இருக்கிறதா என்று முதலில் உறவினரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தவிர, பழங்காலத்தில் பாடம் செய்த தோல்களிலும் பறவைகளிலும் பூச்சி அரிக்காதிருக்க ஆர்சனிக் நஞ்சைப் பூசுவது வழக்கம். குழந்தைகள் கைவைக்கும் உயரத்தில் அவை இருக்கவே கூடாது.

மறுமொழி: பள்ளி ஆசிரியர், திருப்பத்தூர் வட்டம்

பயணக் கண்காட்சி நம் நாட்டுக்குப் புதிதன்று. கொல்கத்தாவின் பிர்லா தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1965இலேயே நடமாடும் அறிவியல் கண்காட்சியைத் தொடங்கிவிட்டது. 2007இல் புறப்பட்ட அறிவியல் விரைவு ரயில், 2012 முதல் சில ஆண்டுகள் பல்லுயிர்ப் பெருக்கத்தையே பொருளாகக் கொண்டு ஓடியது. ஆனால் நான் பின்பற்றத்தக்கதாக எண்ணுவது, அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் 1994 முதல் சிற்றூர்களுக்கென்றே நடத்தும் திட்டம். அதில் வெளியிலிருந்து வரும் கண்காட்சியோடு, அந்தந்த ஊரார் தங்கள் பொருள்களையும் கதைகளையும் சேர்த்து வைக்கிறார்கள்.

நமக்கு அதற்குப் பஞ்சமில்லை. 1977இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட வேட்டங்குடிக் கண்மாய்களில் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டுகின்றன. பறவைகள் கலையக்கூடாது என்பதற்காகக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. பாடம் செய்த பறவைக்குப் பக்கத்தில் இச்செய்தியும் நல்ல ஒளிப்படங்களும் இருந்தால், இயற்கை வரலாறு வேறு, பண்பாடு வேறு என்ற எண்ணமே மாணவர்களுக்கு வராது.

மறுமொழி: தேவகோட்டை வாசகி

ஆசிரியர் ஐயா சொன்னதை மேலும் ஒரு படி கொண்டு செல்லலாம். அந்த வீடே ஒரு காட்சிப் பொருள்தான். பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்குத் தூண், இத்தாலிய சலவைக்கல், முட்டை வெண்கரு சேர்த்து மெழுகிய சுண்ணாம்புச் சுவர் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அருகில் அது எந்தக் காட்டிலிருந்து, எந்த மலையிலிருந்து வந்தது என்று ஒரு சிறு அட்டை வையுங்கள். ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் வண்ணக் கல்) செய்பவர் ஒருவரை ஒரு நாள் அழைத்து, கண்ணாடித் தகட்டின் மேல் அச்சுச் சட்டத்தை வைத்துச் சாயக் கலவையை ஊற்றும் முறையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். கண்ணாடியைத் தொட்டிருந்த அடிப்பக்கம்தான் கல்லின் மினுமினுப்பான மேற்பக்கமாகிறது என்பதை நேரில் கண்ட பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

ஆனால் வீட்டுப் பொருள்களைக் கடனாக வாங்கும்போது, வெளியூர்ப் பெட்டிகளுக்குக் காட்டும் அதே கவனத்தைக் காட்டுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விழாவுக்காக எங்கள் வீட்டு ரவிவர்மா அச்சுப் படத்தைக் கொடுத்தோம். வலது கீழ்மூலை கிழிந்து, சட்டத்துக்குள் செல்லோடேப் ஒட்டித் திரும்பி வந்தது. எப்போது கிழிந்தது என்று கேட்டபோது, முன்பே அப்படித்தான் இருந்தது என்றார்கள். எங்களிடம் மறுக்கச் சான்று இல்லை. எனவே, வாங்கும் நாளிலேயே ஒவ்வொரு பொருளையும் நான்கு பக்கமும் படமெடுத்து, உள்ள கீறலையும் கறையையும் எழுதி, கொடுப்பவரும் பெறுபவரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ள வேண்டும். திருப்பித் தரும் நாளிலும் அதே தாளைப் பார்த்தே ஒப்படைக்க வேண்டும். சுவர் ஆணியிலிருந்து கழற்றியது முதல் மீண்டும் மாட்டும் வரை காப்பீடு செய்யவும் வழியுண்டு.

கேட்டவரின் பதில்

அனைவருக்கும் நன்றி. புலித்தோலை விட்டுவிடுகிறோம், சான்றிதழ் பற்றி உறவினரிடம் கேட்டிருக்கிறேன். ஏடுகளையும் கொட்டான்களையும் வளவின் உள்ளறை இரண்டில் வைத்து, முற்றத்துப் பக்கக் கதவுகளைச் சாத்திவிட முடிவு செய்துள்ளோம். வாசகி அம்மா சொன்ன ஒப்படைப்புத் தாளின் மாதிரி ஒன்றை எழுதி, இங்கேயே பகிர்கிறேன். விடுபட்டவை இருந்தால் திருத்தித் தாருங்கள்.