பிராட்பேண்ட் கம்பெனி கொடுத்த மெயிலா, சொந்த டொமைனில் தனி மெயிலா?

கரூர்_துணி:

வணக்கம். கரூரில் மேசை விரிப்பு, கிச்சன் டவல் ஏற்றுமதி செய்யும் சின்ன நிறுவனம். ஆறு மெயில் முகவரி இருக்கு, ஆறுமே பிராட்பேண்ட் இணைப்போட வந்தது. மூணு கம்ப்யூட்டரில் அவுட்லுக், எல்லாம் பாப் செட்டிங் (மெயிலை சர்வர்ல இருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கிற முறை). வெப்சைட்டுக்குச் சொந்த டொமைன் (இணையப் பெயர்) உண்டு, அதில் மெயில் மட்டும் வெச்சுக்கலை.

ஜெர்மனி, பிரான்ஸ் பையர்களுக்கு அனுப்புற மெயில் அடிக்கடி ஸ்பாமில் விழுது. இப்போ வேற கம்பெனி ஃபைபருக்கும் மாறப்போறோம். இணைப்பை மாத்தினா பழைய முகவரி ஓடுமா? வெப்சைட் ஹோஸ்டிங்கோட இலவசமா வர்ற மெயில் போதுமா, தனியா மெயில் ஹோஸ்டிங் எடுக்கணுமா? பழைய மெயில் 11 ஜிபி இருக்கு, அதை எப்படிக் கொண்டுபோறது?

தபால்பெட்டி:

சொந்த டொமைனுக்குப் போயிடுங்க, யோசிக்கவே வேண்டாம். 1995-ல் அரசு நிறுவனமான விஎஸ்என்எல் இணையம் கொடுக்க ஆரம்பிச்சப்போ இணைப்போட வந்த முகவரிதான் எல்லாருக்கும். இலவச வெப்மெயிலான ஹாட்மெயில் வந்ததே அடுத்த வருஷம்தான். இன்னைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இணைப்பு முடிஞ்சா முகவரியும் போயிடும். இணைப்பு இருக்கும்போதே கம்பெனி மெயில் வேலையைக் கைகழுவுறதும் நடக்குது: அமெரிக்காவில் வெரைசன் 2017-லேயே விட்டுடுச்சு, காக்ஸ் 2024-ல் வாடிக்கையாளர்களோட பெட்டிகளை யாஹூகிட்ட ஒப்படைச்சது.

மாறின அன்னைக்கே உங்களுக்கு ஒண்ணு நடக்கலாம். பல கம்பெனிகளோட எஸ்எம்டிபி சர்வர் (மெயிலை வெளியே அனுப்புறது) தன் நெட்வொர்க்குக்குள்ள இருந்து வர்ற மெயிலை மட்டும்தான் எடுத்துக்கும். புது ஃபைபர்ல இருந்து அனுப்பினா ரிலே மறுப்புன்னு (அனுப்பித்தர மாட்டேன்னு) 550 பிழை வரும். மெயில் வர்றது மட்டும் வழக்கம்போல வந்துகிட்டே இருக்கும். அதனால அவுட்பாக்ஸில் தேங்கி நிக்கிறது யார் கண்ணிலும் படாது.

ஸ்பாமுக்குக் காரணமும் அந்த முகவரிதான். அந்த டொமைனுக்கு எஸ்பிஎஃப் (எந்த சர்வர் அனுப்பலாம்னு சொல்ற பட்டியல்), டிகேஐஎம் (மெயிலில் போடுற டிஜிட்டல் கையெழுத்து), டிமார்க் (இதில் தேறாத மெயிலை என்ன செய்யணும்ங்கிற கொள்கை) வைக்கிறது உங்க கையில் இல்லை. உங்களோட சேர்த்து ஆயிரக்கணக்கான வீட்டுக் கம்ப்யூட்டர்கள் அதே சர்வர் வழியா அனுப்புது. ஒண்ணுல வைரஸ் புகுந்து ஸ்பாம் கொட்டினாலும் சர்வரோட ஐபி (இணைய எண்) பிளாக்லிஸ்ட்ல ஏறிடும், உங்க இன்வாய்ஸும் சேர்ந்து மாட்டும். வெப்சைட் ஹோஸ்டிங் மெயிலுக்கும் இதே வியாதி: ஒரே ஐபியில் நூத்துக்கணக்கான சைட், அதில் யாரோ ஒருத்தர் தன் சைட் ஓடுற வேர்ட்பிரஸ் மென்பொருளை அப்டேட் பண்ணாம விட்டிருப்பார். அதனால மெயிலுக்குத் தனி ஹோஸ்டிங்தான். ஜோஹோ, கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365 எதுவா இருந்தாலும் சரி. ஜோஹோவோட இலவசத் திட்டத்தில் ஐமேப் (மெயிலை சர்வரிலேயே வெச்சு அவுட்லுக்ல பார்க்கிற முறை) கிடையாது. அவுட்லுக் வேணும்னா கட்டணத் திட்டம்தான். ஆறுக்கும் காசு கட்ட வேண்டாம். இன்ஃபோ, சேல்ஸ் மாதிரியானதை ஒருத்தர் பெட்டிக்கு ஏலியாஸா (அதே பெட்டிக்கு வர்ற கூடுதல் முகவரியா) வெச்சுக்கலாம்.

அதுக்கு முன்னாடி, டொமைன் யார் பேரில் இருக்குன்னு பாருங்க. வெப்சைட் போட்டுக்கொடுத்தவர் தன் கணக்கிலேயே வாங்கி வெச்சிருக்கிறது நம்ம ஊர்ல சர்வசாதாரணம். அப்படி இருந்தா உங்க கணக்குக்கு மாத்தி வாங்கின பிறகுதான் மத்த எதுவும். ரிஜிஸ்ட்ரார் (டொமைன் விக்கிற கம்பெனி) கணக்குக்கு அதே டொமைன் முகவரியைக் கொடுக்காதீங்க. டொமைன் காலாவதியானா மெயிலும் நின்னுடும், அப்புறம் பாஸ்வேர்டு மாத்துற லிங்க்கூட உங்களுக்கு வந்து சேராது.

டிஎன்எஸ்_தம்பி:

தபால்பெட்டி அண்ணன் சொன்னதோட செட்டிங் விஷயத்தை நான் சேர்த்துடறேன்.

புது ஹோஸ்டிங் கொடுக்கிற எம்எக்ஸ் ரெக்கார்டுகளை (மெயில் எந்த சர்வருக்கு வரணும்ங்கிற குறிப்பு) டிஎன்எஸ்ல (டொமைனோட முகவரிப் புத்தகம் மாதிரி) போடுங்க, வெப்சைட் ஹோஸ்டிங் தானா போட்டு வெச்ச பழைய எம்எக்ஸை அழிச்சிடுங்க. ரெண்டும் கிடந்தா பாதி மெயில் யாரும் திறக்காத பெட்டிக்குப் போகும். சைட் சிபேனல்ல (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கிற மென்பொருள்) ஓடுதுன்னா இன்னொரு வேலை இருக்கு, முக்காவாசிப் பேர் விடுறது இதைத்தான்: ஈமெயில் ரூட்டிங்ல 'ரிமோட்' தேர்வு பண்ணணும். 'லோக்கல்'னு விட்டா, சைட்ல இருக்கிற விசாரணைப் படிவத்துல பையர் எழுதுற மெயில் அந்த சர்வருக்குள்ளேயே விழுந்துடும். வெளியிலிருந்து வர்ற மத்த மெயில் ஒழுங்கா வர்றதால தப்பு நடக்கிறதே தெரியாது.

எஸ்பிஎஃப் ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு டிஎக்ஸ்டி ரெக்கார்டுதான் (டிஎன்எஸ்ல எழுதி வைக்கிற வரி). ஏற்கெனவே ஒண்ணு இருந்தா அதுக்குள்ளேயே புது ஹோஸ்டைச் சேருங்க. ரெண்டு ரெக்கார்டு இருந்தா ரெண்டுமே செல்லாது. உள்ளே கேட்கிற டிஎன்எஸ் தேடல் மொத்தம் 10-ஐத் தாண்டினாலும் செல்லாது. டிகேஐஎம் சாவியை 2048 பிட்ல எடுங்க, ஆனா ஒட்டின பிறகு கடைசி எழுத்து வரைக்கும் சரிபாருங்க. டிஎக்ஸ்டி ரெக்கார்டுல ஒரு துண்டுக்கு 255 எழுத்துதான். சில பேனல்கள் மீதியைச் சத்தமில்லாம வெட்டிடும், கையெழுத்து தோத்துப்போகும். டிமார்க்கை முதலில் 'நன்' (எதையும் தடுக்காத) கொள்கையில் வெச்சு, சில வாரம் அறிக்கைகளைப் பாருங்க. உங்க மெயில் எல்லாம் தேறுதுன்னு உறுதியானதும் 'குவாரன்டைன்' (தேறாததை ஸ்பாமுக்கு அனுப்புறது).

பழைய மெயில்: பாப் முறைங்கிறதால சர்வர்ல அனேகமா எதுவும் இருக்காது, எல்லாம் கம்ப்யூட்டர்ல பிஎஸ்டி (அவுட்லுக் மெயிலைச் சேமிக்கிற) ஃபைலாத்தான் இருக்கும். முதலில் மூணு கம்ப்யூட்டரோட பிஎஸ்டியையும் வெளி ஹார்டு டிஸ்க்ல காப்பி எடுங்க. அப்புறம் புது முகவரியை அவுட்லுக்ல ஐமேப்பா சேர்த்து, பழைய ஃபோல்டர்களை அதுக்குள்ள காப்பி பண்ணுங்க, மூவ் வேண்டாம். வருஷவாரியா பிரிச்சு, ஒரு தடவைக்கு ஆயிரம் ரெண்டாயிரம் மெயில்னு விடுங்க. மொத்தமா இழுத்தா நடுவில் நின்னுடும், எது ஏறுச்சு எது ஏறலைன்னு கண்டுபிடிக்க முடியாது. ஒரே முகவரி ரெண்டு கம்ப்யூட்டர்ல இருந்தா இன்பாக்ஸை ஒண்ணுல இருந்து மட்டும் ஏத்துங்க. சென்ட் ஐட்டம்ஸை ரெண்டுலேயும் இருந்து ஏத்தணும், ஏன்னா பாப்ல அனுப்பின மெயிலோட நகல் சர்வருக்குப் போறதே இல்லை.

கரூர்_துணி:

ரொம்ப நன்றிங்க. டொமைன் எங்க பேரில்தான் இருக்கு, பார்த்துட்டேன். பழைய முகவரியில் இருந்து புதுசுக்கு ஃபார்வர்டு போட்டுட்டா போதும்னு ஆடிட்டர் ஆபீஸ்ல சொல்றாங்க, சரியா? டேலி கணக்கு மென்பொருளும் ஸ்கேனரும் பழைய முகவரியில் இருந்துதான் மெயில் அனுப்புது.

ஏற்றுமதி_கணக்கர்:

ஃபார்வர்டை மட்டும் நம்பாதீங்க. ஃபார்வர்டு ஆகிற மெயில், அனுப்பினவரோட எஸ்பிஎஃப்ல இல்லாத சர்வர்ல இருந்து வந்ததாத் தெரியும். டிகேஐஎம் இல்லாத பையரோட மெயில் உங்க ஸ்பாமுக்குப் போகும். ஜிமெயில் வழியா பாப்ல இழுத்துக்கலாம்னு யாராவது சொன்னா, அந்த வசதியை 2026-ல் நிறுத்துறதா கூகுளே அறிவிச்சாச்சு. பழைய இணைப்பை இருக்கிறதிலேயே குறைஞ்ச பிளான்ல ரெண்டு மூணு மாசம் வெச்சுட்டு, பெட்டியைத் தினமும் திறந்து பாருங்க.

அதுக்குள்ள மாத்த வேண்டியது: பேங்க், வருமானவரி போர்ட்டல், ஐஸ்கேட் (சுங்கத்துறை போர்ட்டல்), டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்). ஜிஎஸ்டியில் நான்-கோர் (முக்கியமல்லாத விவரம்) திருத்தம்தான், அதிகாரி ஒப்புதல் தேவைப்படாது. ஐஇசி (ஏற்றுமதி-இறக்குமதி எண்) விவரத்தை டிஜிஎஃப்டியில் வருஷாவருஷம் ஏப்ரல்-ஜூன்ல உறுதிப்படுத்தணும், விட்டா முடக்கிடுவாங்க. அதனால டிஜிஎஃப்டி முகவரியைத் தள்ளிப்போடாதீங்க.

பையர் விஷயத்துல கவனமா இருங்க. 'எங்க மெயில் மாறிடுச்சு, பேங்க் கணக்கும் மாறிடுச்சு'ன்னு எழுதித்தான் மோசடிக்காரன் பணத்தைத் திருப்பிவிடுவான். அதனால பழைய முகவரி உயிரோட இருக்கும்போதே அதிலிருந்து எழுதுங்க, புது முகவரி உங்க வெப்சைட் டொமைன்லதான்னு காட்டுங்க, பேங்க் கணக்கு மாறலைன்னு தெளிவா ஒரு வரி போடுங்க. பெரிய பையர்களுக்கு போன்லேயும் சொல்லிடுங்க. இன்வாய்ஸ், லெட்டர்ஹெட்ல முகவரியை அதே வாரம் மாத்துங்க.

டிஎன்எஸ்_தம்பி:

டேலிக்கு: புது எஸ்எம்டிபி சர்வர் பேர், போர்ட் 465 இல்லைன்னா 587. 25-ஐ நிறைய பிராட்பேண்ட் கம்பெனி அடைச்சு வெச்சிருக்கும். ரெண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டிருந்தா வழக்கமான பாஸ்வேர்டு எடுக்காது, மெயில் பேனல்ல ஆப் பாஸ்வேர்டு தனியா உருவாக்கிக் கொடுக்கணும். டிசைன் போட்டோ அனுப்புறவங்களுக்கும் சொல்லிவைங்க: 25 எம்பி வரம்புன்னா, மெயிலுக்காகக் குறியீடு மாத்தும்போது மூணுல ஒரு பங்கு ஊதிப்போகும், 18 எம்பிக்கு மேல வெச்சா திரும்பி வரும்.

ஸ்கேனர் பழசுன்னா டிஎல்எஸ் 1.0 (பழைய பாதுகாப்பு முறை) மட்டும்தான் தெரிஞ்சிருக்கும், இப்போதைய மெயில் சர்வர்கள் பலவும் அதை ஏத்துக்காது. முதலில் ஃபர்ம்வேர் (ஸ்கேனருக்குள்ள ஓடுற மென்பொருள்) அப்டேட் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா அதோட மல்லுக்கட்ட வேண்டாம். ஸ்கேன் நேரா ஒரு கம்ப்யூட்டரோட ஷேர்டு ஃபோல்டர்ல விழுற மாதிரி மாத்திட்டு, அங்கிருந்து அவுட்லுக்ல இணைச்சு அனுப்புங்க.