எழுநூற்றுப் பத்துப் புள்ளி வித்தியாசத்தில் ஓர் ஆட்டம்

தோற்றவரும் வெளியேறாமல் எல்லாச் சுற்றிலும் ஆடும் ஸ்விஸ் முறைச் சதுரங்கப் போட்டிகளின் முதல் சுற்றில், ரேட்டிங் (ஆட்டத்திறனைக் காட்டும் புள்ளி) வரிசையின் மேல்பாதியில் இருப்பவரைக் கீழ்பாதியில் இருப்பவரோடு இணைப்பது வழக்கம். ஆகவே, சென்ற ஜனவரியில் குன்னூரில் நடந்த போட்டிக்குக் கோத்தகிரியிலிருந்து முதல் பேருந்தில் போய் இறங்கிய எனக்கு, 1470 புள்ளிகளோடு 2180 புள்ளிக்காரர் ஒருவரைச் சந்திக்க நேர்ந்ததில் வியப்பொன்றும் இல்லை. எதிரே அமர்ந்தவர் குரங்குக் குல்லா அணிந்த, பதின்மூன்று வயதுக்கு மேல் மதிக்க முடியாத சென்னைச் சிறுவர் என்பதுதான் வியப்பு.

இப்படிப்பட்ட ஆட்டத்தில் நமக்குப் பெரிதாக இழப்பில்லை. வித்தியாசம் நானூறைத் தாண்டினாலும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே அதை நானூறாகவே கணக்கிடுவதால், என் கணக்கில் தோற்றால் 1.6 புள்ளி போகும், டிரா செய்தால் 8.4 புள்ளி வரும். இந்தக் கணக்கு மனத்தில் ஓடியதாலேயே கெட்டேன். காய்கள் குறையக் குறைய டிரா நெருங்கும் என்று நம்பி, கிடைத்த இடத்திலெல்லாம் காய்களை வெட்டிக்கொண்டேன். உண்மையில், பலத்த ஆட்டக்காரருக்கும் நமக்கும் இடையிலான தூரம் மிக அதிகமாகத் தெரிவது இறுதிக்கட்டத்தில்தான். தொடக்க நகர்வுகளை யாரும் மனப்பாடம் செய்துவிடலாம். இடையில் இரண்டு முறை நான் டிரா கேட்டதும் (இரண்டாவது முறை கேட்டது அநாகரிகம் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்) அவர் தலையை மட்டும் அசைத்தார்.

அறுபதாவது நகர்வு வாக்கில் அவரிடம் ராஜா, யானை, நடு நெடுவரிசையில் ஒரு சிப்பாய். என்னிடம் ராஜாவும் யானையும். என் ராஜா சிப்பாயின் பாதையை மறித்து நின்றது. என் யானையோ அவர் ராஜா முன்னேற முடியாதபடி, அவர் பக்கத்திலிருந்து எண்ணினால் ஆறாவதான கிடைவரிசையைக் காத்தது. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் விளக்கிய டிரா நிலை இது. சிப்பாய் ஆறாவது வரிசைக்கு வரும்வரை யானை அங்கேயே உலாவ வேண்டும், வந்த பிறகே பின்புறம் இறங்கிச் செக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், குளிரில் விறைத்த விரல்களோடு, கடிகாரத்தில் இரண்டு நிமிடம் மட்டுமே எஞ்சியிருந்த பதற்றத்தில், சிப்பாய் ஐந்தாவதில் நிற்கும்போதே யானையைக் கீழே இறக்கிவிட்டேன். அவர் ராஜா உடனே ஆறாவதில் ஏறி, கடைசி வரிசையில் செக்மேட் மிரட்டல் வைத்தது. அப்போதும் ஆட்டம் போய்விடவில்லை. ஆனால் நான் ராஜாவை, கட்டங்கள் அதிகமாக உள்ள நீண்ட பக்கத்துக்கு நகர்த்தினேன். ஓடுவதற்கு இடம் வேண்டும் என்பது என் எண்ணம்.

கைகுலுக்கிய பிறகு சிறுவர் காய்களை அதே நிலைக்குத் திரும்ப அடுக்கினார். "அங்கிள், ராஜா இந்தச் சின்னப் பக்கம் போயிருந்தா டிராதான். பெரிய பக்கம் உங்க யானைக்கு வேணும், தூரத்திலிருந்து செக் கொடுக்க" என்றார். அவருடைய அம்மா ஃபிளாஸ்கோடு வாசலில் காத்திருந்தும், இரண்டு பக்கத்தையும் முழுதாக ஆடிக் காட்டிவிட்டே எழுந்தார்.

அன்றிரவே அந்த நிலையைப் பலகையில் வைத்து, சிப்பாயை மகளிடம் கொடுத்து ஆடிப் பார்த்தேன். நான்காவது முறையில்தான் டிரா கிடைத்தது.