ஊர் ஓரத்து வயலை வீட்டு மனைக்குக் கேட்டு வந்தார்களா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

நாகர்கோவில், வடக்கு ஓரம்

கும்பப்பூப் பருவ நெல் அறுவடை முடிந்த வாரத்தில் சம்மதக் கடிதத்தோடு இருவர் வீட்டுக்கு வந்தார்கள். எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தில் வேளாண் மண்டலமாக உள்ள எங்கள் பத்து என்னும் வயல்பரப்பைக் குடியிருப்பு மண்டலமாக மாற்றக் கோரும் மனுவுக்கு எல்லா உரிமையாளர்களின் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். இந்த நடைமுறை இங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதை விளக்கவில்லை. என்னை இன்றுவரை விடாமல் அரிப்பது அவர்கள் திண்ணையில் விரித்த வரைபடம். அதில் முப்பதடிச் சாலையும் பூங்காவும் மனை எண்களும் இருந்தன. எங்கள் வயலைக் கடந்து கீழ்வயல்களுக்கு நீர் கொண்டுசெல்லும் வாய்க்கால் மட்டும் இல்லை. “வாய்க்கால் எங்கே?” என்று அப்பா கேட்டதற்கு, “சாலைக்கு அடியில் குழாய் பதித்துவிடலாம், அண்ணாச்சி” என்றார் ஒருவர். அப்பா பென்சிலை எடுத்து, மடையிலிருந்து கடைசி வரப்பு வரை வாய்க்காலை அந்த வரைபடத்தின் மேலேயே வரைந்தார். கோடு வரிசையாக மனைகளின் நடுவே போயிற்று. வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, வீட்டில் அழிரப்பர் இருக்குமா என்று என் மகளிடம் கேட்டார்.

தக்கலை

மேலே எழுதியவர் மனுவைத் தொடக்கமாகக் கருதுகிறார். எங்கள் ஏலாவில் (வயல்பரப்பில்) மனு கடைசியாகத்தான் வந்தது; அதற்கு முன்பே வயல் வயலாக இருக்க முடியாதபடி ஆக்கப்பட்டுவிட்டது. முதலில் நடுவில் ஒருவர் நெல்லை விட்டு வாழை வைத்தார். வாழைக்காகத் தரை உயர்த்தப்பட்டதால் மேல்வயல்களில் தண்ணீர் வடியாமல் நின்றது. கன்னிப்பூப் பருவ நெல் நாற்று அழுகிய இரண்டு பேர் சலித்துப்போய்த் தரிசாகப் போட்டார்கள். தரிசு விழுந்த இடத்தில் இரவோடு இரவாகச் செம்மண் டெம்போக்கள் வந்து மண் அடித்தன. நில உபயோக மாற்றத்துக்காக இடத்தைப் பார்வையிட வந்த அலுவலர் சாலையில் நின்றபடியே, “எத்தனை வருடமாக இங்கே சாகுபடி இல்லை?” என்று என்னிடம் கேட்டார். நான் அப்போது களை பறித்துவிட்டு, முழங்கால் வரை சேற்றோடு, கையில் களைக்கட்டுடன் அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் அவருடைய அறிக்கையில் எப்படி எழுதப்பட்டது என்பதை இன்றுவரை என்னால் பார்க்க முடியவில்லை.

நாகர்கோவில், தற்போது சொந்த வீட்டில்

இருவருமே நிலமுள்ளவர்கள் என்பதை மரியாதையோடு சுட்டிக்காட்ட விரும்புகிறேன். நான் வளர்ந்தது வாடகை வீடுகளில். ஊருக்குள் ஒரு சென்ட் கேட்கவே முடியாத விலை என்பதால், வயலை நிரப்பிப் போட்ட அங்கீகாரமற்ற மனையில் நான்கு சென்ட் வாங்கினோம். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தபோது என் தாயார் பல நாள் உறங்கவில்லை. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி கட்டணம் செலுத்தி வரன்முறை செய்த பிறகே நிம்மதி வந்தது. 2021 நவம்பர் மழையில் குளியலறைத் துவாரம் வழியாகத் தண்ணீர் மேலேறி அடுக்களைக்கு வந்தது. அதில் ஒரு கெளுத்திக் குஞ்சு நீந்தியது. அது வயல் இருந்த இடம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும், எங்கே வீடு கட்டக் கூடாது என்று சொல்பவர்கள், எங்கள் வருமானத்துக்கு எங்கே கட்டலாம் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

சித்தூர், பாலக்காடு மாவட்டம்

சகோதரரின் கேள்விக்கு எல்லைக்கு இந்தப் பக்கம் ஓரளவு பதில் இருக்கிறது. கேரளத்தின் 2008ஆம் ஆண்டு நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வயலை நிரப்பத் தடை விதித்தாலும், வேறு இடமில்லாத உரிமையாளர் தாம் குடியிருக்க வீடு கட்டப் பஞ்சாயத்தில் 10 சென்ட் வரையும் நகராட்சியில் 5 சென்ட் வரையும் அனுமதி கேட்க வழி வைத்திருக்கிறது. வீடில்லாதவரையும் மனை வணிகரையும் ஒரே தட்டில் வைக்காத சட்டம் என்பதால் எனக்கு அதன் மேல் மதிப்பு உண்டு.

என் அனுபவம் சிறியது. பக்கத்து வயலை வாங்கியவர், அது சட்டம் வருவதற்கு முன்பே நிரப்பப்பட்ட இடம் என்று சொல்லி, நெல்வயல்களின் பட்டியலான டேட்டா பேங்கிலிருந்து நீக்கக் கோரி ஐந்தாம் எண் படிவத்தில் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.வுக்கு விண்ணப்பித்திருந்தார். அங்கே நின்ற தென்னைகளையே சாட்சியாகக் காட்டினார். சட்டம் நடைமுறைக்கு வந்த 2008 ஆகஸ்ட் 12 அன்று நிலம் எப்படி இருந்தது என்பதே கணக்கு என்பதால் செயற்கைக்கோள் படம் வரவழைக்கப்பட்டது. வேளாண் அலுவலகமான கிருஷி பவனில் அந்தப் படத்தை மேசையில் வைத்தபோது தென்னை ஒன்றுகூட இல்லை. நான்கு புறமும் வரப்பும், நடுவே மூலத்தறைக் கால்வாய் நீர் பாயும் கண்ணிகளும் (சிறு வாய்க்கால்களும்) அவ்வளவு தெளிவாகத் தெரிந்தன. அந்த வயலில் நாற்று நட்ட பாட்டி ஒருவர் உடன் வந்திருந்தார். படத்தில் ஒரு மூலையைத் தொட்டு, “இது கிணற்றடி” என்றார்.

குழித்துறை (வேலை நிமித்தம் இங்கிலாந்தில்)

இங்கேயும் இதே சச்சரவுதான். லண்டனைச் சுற்றி, நகரம் பரவாமல் வெட்டவெளியாக வைத்திருக்கும் பசுமை வளையத்துக்கான சட்டம் 1938இலேயே வந்தது. இன்று இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 12.5 சதவீதம் இத்தகைய வளையங்களுக்குள் இருக்கிறது. 2024 டிசம்பரில் விதிகளைத் திருத்தி, அவற்றில் மதிப்புக் குறைந்த பகுதிகளைச் ‘சாம்பல் வளையம்’ என்று பிரித்து வீடுகளுக்கு வழி திறந்திருக்கிறார்கள். எங்கள் நகரின் ஓரத்தில் குதிரைகள் மேயும் புல்வெளியில் வீடுகட்ட விண்ணப்பம் வந்தபோது, கருத்துத் தெரிவிப்பதற்கான கடைசித் தேதியோடு மஞ்சள் நிற அறிவிப்பு அந்த நிலத்தின் வாயிற்கதவிலேயே கட்டப்பட்டிருந்தது; நாயோடு நடந்து போனவர்கள்கூட நின்று படித்தார்கள். குழித்துறையில் என் சித்தப்பாவின் வயலை ஒட்டிய நிலத்துக்கான அறிவிப்பு நாளிதழின் உள்பக்கத்தில் வந்து போயிருக்கிறது. வயலில் ஒரு பலகைகூட இல்லை.

பூதப்பாண்டி

என்னிடமும் கையெழுத்துக் கேட்டு வந்தார்கள், மறுத்துவிட்டேன், அவ்வளவே என் கதை. தக்கலைக்காரர் எழுதியதற்கே பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

அலுவலர் சாலையில் நின்று எழுதுவதை நம்மால் தடுக்க முடியாது. அவர் கையில் உள்ள ஆவணத்தில் என்ன இருக்கிறது என்பதை நம்மால் கவனிக்க முடியும். ஒவ்வொரு பசலியிலும் (வருவாய் ஆண்டிலும்) கிராம நிர்வாக அலுவலர் பயிர்க் கணக்கான அடங்கலில் உங்கள் பயிரைப் பதிந்தாரா என்று நேரில் போய்ப் பாருங்கள். அங்கே தரிசு என்று எழுதப்பட்டால், கழுத்து வரை சேற்றில் நின்றாலும் உங்கள் வயல் தரிசுதான். வாய்க்காலுக்குத் தனிப் புல எண் இருக்கிறதா, அது கிராம நிலப் பதிவேடான ‘அ’ பதிவேட்டில் அரசுப் புறம்போக்காக இருக்கிறதா என்பதைப் புலப்படத்தோடு ஒப்பிடுங்கள். பட்டா நிலத்துக்குள் ஓடும் வாய்க்கால்தான் முதலில் காணாமல் போகும். பேச்சிப்பாறை அணை 1906இல் முடிந்தது முதல் சானல் (கால்வாய்) நீரை நம்பி, அதன் கடைசியில் வயல் வைத்திருக்கும் கடைமடைக்காரர்களையும் ஆட்சேபணையில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மனு போடப்படும் நிலத்தில் அவர்களுக்கு ஒரு சென்ட்கூட இல்லாததால் அவர்களிடம் யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை. ஆட்சேபணையைத் தனித்தனியே, புல எண் குறிப்பிட்டு எழுதுங்கள். அலுவலகத்தில் கொடுத்ததும் உங்கள் நகலில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொண்டே திரும்புங்கள்.