புதுப்பிப்பு: ஆறாம் ஆண்டில் அட்வான்ஸ்டு ஹையர் கணிதம்

ஸ்காட்லாந்தில் பல்கலைக்கழகம் சேர உதவும் பள்ளித் தேர்வான ஹையரில், கணிதத்தில் ஏ வாங்கிய மகள், பள்ளியின் கடைசி ஆண்டான ஆறாம் ஆண்டில் அதற்கு அடுத்த நிலையான அட்வான்ஸ்டு ஹையர் எடுக்கலாமா, ஆள் சேராமல் பள்ளியில் அந்த வகுப்பே நடக்காது போலிருக்கிறதே என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

வகுப்பு நடக்கவில்லைதான். ஸ்காட்லாந்தில் இது சகஜம். இப்போது பக்கத்துப் பள்ளிக்கு பஸ்ஸில் போய் வருகிறாள்.

பாடம் நிஜமாகவே வேறு உயரம். கலப்பெண்கள், அணிகள், வகைக்கெழுச் சமன்பாடுகள், யூக்ளிட் வழிமுறை எல்லாம் உண்டு. பகுதித் தொகையிடலில் (இன்டக்ரேஷன் பை பார்ட்ஸ்) அடுக்குக்குறிச் சார்பையும் சைனையும் பெருக்கிக் கொடுப்பார்கள். இரண்டு முறை செய்தால் ஆரம்பித்த தொகையீடே திரும்ப வந்து நிற்கும். அதை இடப்பக்கம் தள்ளி இரண்டால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். "இது ஏமாத்து வேலைப்பா!" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

தேர்வு இரண்டு தாள். கால்குலேட்டர் இல்லாமல் 35 மதிப்பெண், கால்குலேட்டரோடு 80. தொகுத்தறிதல் நிரூபணத்தில் (ஓர் எண்ணுக்குச் சரியென்றால் அடுத்த எண்ணுக்கும் சரி என்று காட்டும் முறை) இயற்கணிதம் முழுக்கச் சரியாக இருந்தாலும், கடைசி முடிவு வாக்கியத்தை எழுதாவிட்டால் மதிப்பெண் போய்விடும்.

சரி, தேவையா என்ற கேள்விக்கு வருகிறேன். ஸ்காட்டிஷ் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் ஹையர் மதிப்பெண்ணை வைத்தே இடம் தருகின்றன. ஆனால் பிரிட்டனின் பல்கலைக்கழகச் சேர்க்கை அமைப்பான யூகாஸின் கணக்கில், அட்வான்ஸ்டு ஹையரில் ஏ என்றால் 56 புள்ளி, இங்கிலாந்துப் பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவலின் ஏ ஸ்டாருக்குச் சமம். பொறியியலோ இயற்பியலோ படிக்கப் போகிற பிள்ளையென்றால் யோசிக்காமல் எடுக்கச் சொல்வேன். மற்றவர்களுக்கு, அந்த பஸ் பயணத்தையும் சேர்த்துப் பார்த்தால், கட்டாயமில்லை.